மாஹிம் அண்ணாச்சியின் சாம்பார் வழக்கு

மாஹிம் அண்ணாச்சிக்குப் பம்பாய் பிடிக்காது. வந்து இறங்கிய அன்றிலிருந்தே பிடிக்காது. அதற்குள் கல்யாணம் முடிந்து, இரண்டு பிள்ளைகள் பிறந்து, அவர்கள் மராத்தியில் சண்டை போடக் கற்று, மூத்தவன் வேலைக்கும் போய்விட்டான். இன்னும் பிடித்தபாடில்லை. 1995-இல் ஊருக்கு மும்பை என்று பெயர் மாற்றினார்கள். தன்னைக் கேட்காமல் மாற்றிவிட்டதால் அவருக்கு அது இன்றும் பம்பாய்தான்.

அண்ணாச்சி யாரோ ஒரு தனி ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். மாட்டுங்காவில் இவரே ‘மாமா’, செம்பூரில் ‘சார்’, தாராவியில் ‘சித்தப்பா’. வேட்டியின் கரையும் விபூதியின் அகலமும் மாறும், வழக்கு ஒன்றுதான். நான் பக்கத்தில் இருந்து பார்த்தது மாஹிம் ரகம், அதாவது தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்த ரகம் என்பதால் அதை எழுதுகிறேன்.

முதல் குற்றச்சாட்டு சாம்பார். பம்பாயின் இட்லி தோசை ஓட்டல்களைப் பெரும்பாலும் நடத்துகிறவர்கள் உடுப்பி, மங்களூர்ப் பக்கத்துக்காரர்கள். அவர்கள் ஊர்ச் சாம்பாருக்கு ஒரு துண்டு வெல்லம் உண்டு. பம்பாய்க்கு வந்து, பருப்பிலும் இனிப்புத் தேடும் குஜராத்தி வாடிக்கையாளரையும் பார்த்துக்கொள்ள வேண்டி வந்ததில் அந்தத் துண்டு கொஞ்சம் வளர்ந்திருக்கும் என்பது என் ஊகம். அண்ணாச்சிக்கு இந்தச் சமாதானமெல்லாம் எடுபடாது.

“சாம்பார்னு கொண்டாந்து வச்சான் வே. ஒரு வாய் குடிச்சேன். இதுல ரெண்டு முந்திரிப்பருப்பப் போட்டா பாயாசம்லா!”

சொல்லிக்கொண்டே கிண்ணத்தை நீட்டுவார். பையன் ஊற்றுவான். அதையும் குடித்துவிட்டு, “இதுவும் அப்படித்தான் இருக்கு” என்பார். மூன்றாவது கிண்ணத்திலும் தீர்ப்பில் மாற்றம் இருக்காது.

தோசைப் பலகையைப் படிக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பாவ் பாஜி தோசை, சேஸ்வான் தோசை, ஜினி தோசை. இந்த ஜினி தோசை என்பது கோஸ், குடமிளகாய், சாஸ், சீஸ் எல்லாவற்றையும் கல்லிலேயே போட்டுக் கிளறி, தோசையைச் சுருட்டி, துண்டு துண்டாக நறுக்கித் தட்டில் நிற்க வைத்துக் கொண்டுவருவது. “சவத்த, நிக்க வைக்கான் பாரும். இது திங்கவா, கொலுவுல வைக்கவா?” என்பார் அண்ணாச்சி. எதிரே உட்கார்ந்திருக்கும் அவருடைய இளைய மகள் அந்தக் கொலுவில் பாதியை அதற்குள் காலி செய்திருப்பாள்.

வீட்டு இட்லி அண்ணாச்சியின் மனைவி ஆச்சி பொறுப்பு. ஆனால் மாவு தீர்ந்த காலைகளில் சைக்கிள்காரர் வருகிறார். தாராவியிலிருந்து விடியற்காலையில் கிளம்பும் தமிழர்கள்: கேரியரில் பெரிய பாத்திரத்தில் இட்லியும் மெதுவடையும், தூக்குவாளியில் சட்னி, ஹாண்டில்பாரில் ஒரு ரப்பர் ஹாரன். பாம், பாம் என்று தெருமுனையில் சத்தம் கேட்டதும் அண்ணாச்சி பேப்பரை இறக்குவார்.

“வந்துட்டான். உளுந்த இட்லிக்குக் கண்ணுலயாவது காட்டுனானான்னு கேளு.”

“கேக்கேன். எட்டு போதுமா?”

“பத்தா வாங்கு.”

ஆச்சியைப் பற்றி ஒரு வார்த்தை. பம்பாய் வந்த மூன்றாம் மாதமே பக்கத்து வீட்டு மராத்தி அம்மாளிடம் அவல் தாளிக்கவும் மொழி பேசவும் சேர்த்தே கற்றுக்கொண்டவர் அவர். குறை சொல்லும் வேலையை மொத்தமாகப் புருஷனிடம் ஒப்படைத்துவிட்டதால் அவருக்கு மற்ற வேலைகளுக்கு நேரம் இருக்கிறது.

மாஹிமின் சொந்தப் பெருமை அதன் அல்வா. நெல்லைக்காரரை அல்வாவுக்குப் பேர்போன இன்னொரு ஊரில் கொண்டுபோய்க் குடிவைத்த விதியின் குறும்பை என்னவென்று சொல்ல? அங்கே கோதுமைப் பால் எடுத்து, நெய் விட்டுக் கிண்டி, இலையில் வைத்தால் இலையோடு வழுக்கி ஓடும் பண்டம். இங்கே அப்பளத்தைவிடக் கொஞ்சம் கனமாகச் சதுரச் சதுரமாகத் தேய்த்து, ஏலக்காயும் பாதாம் சீவலும் தூவி, ஒவ்வொன்றுக்கும் இடையில் எண்ணெய்த்தாள் வைத்து அடுக்கிய பண்டம். முதன்முதலில் வாங்கியபோது எது அல்வா, எது தாள் என்று அவருக்குக் குழப்பம் வந்ததாக ஆச்சி சொல்கிறார். அண்ணாச்சி மறுக்கிறார். “அல்வான்னா தொண்டையில தானா எறங்கணும். இத என்னன்னா, பக்கம் பக்கமாப் புரட்டணும். கணக்குப் புஸ்தகம் கணக்கா இருக்கு.”

ஆனால் ஊருக்குப் போகும்போது பெட்டியின் அடியில் நான்கு டப்பா மாஹிம் அல்வா இருக்கும். அங்கே சொந்தக்காரர்கள் நடுவில் எண்ணெய்த்தாளைப் பதவிசாகப் பிரித்துக் காட்டி, “இது சாதாரணக் கடையில கிடைக்காது, எங்க மாஹிம்ல மட்டுந்தான்” என்று அவர் விளக்குவதை நானே கேட்டிருக்கிறேன்.

‘எங்க மாஹிம்’ என்பதில் ஒரு அழுத்தம் இருக்கிறது. மாஹிம் ரயில் நிலையத்துக்கு மேற்கே இறங்கினால் மாஹிம். கிழக்கே இறங்கினால் தாராவி. நடுவில் இருப்பது தண்டவாளமும் ஒரு நடைமேம்பாலமும்தான். திருநெல்வேலிச் சீமையிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே தோல் பதனிடும் வேலைக்கு ஆட்கள் வந்து இறங்கிய இடம் தாராவி. அண்ணாச்சியின் பெரியப்பா வகையறா இன்னும் தொண்ணூறு அடி ரோட்டில் இருக்கிறார்கள். ஊரில் ‘நாயகன்’ பார்த்தவர்கள் (1987-இல் வந்த படம், இன்றும் பம்பாய் என்றால் அவர்களுக்கு அதுதான்) “தாராவிலதான இருக்கீய?” என்று கேட்டுவிட்டால் அண்ணாச்சிக்கு ரத்தம் கொதித்துவிடும். “மாஹிம்! மேக்க!” என்று கையைக் காட்டித் திசை சொல்வார். ஆனால் புழுங்கல் அரிசி, நல்லெண்ணெய், முறுக்கு, வாழையிலை, தமிழ்ப் பேப்பர், பொங்கலுக்குக் கரும்பு எல்லாம் வேண்டுமென்றால் பை எடுத்துக்கொண்டு பாலம் ஏறிக் கிழக்கேதான் இறங்குகிறார். இறங்கியதும் அங்கே விலை கூடிப்போனதைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்வார்.

ஞாயிற்றுக்கிழமையில் வேறு திசை. ஹார்பர் ரயிலில் ஏறினால் அடுத்த நிலையமே கிங்ஸ் சர்க்கிள். அங்கிருந்து மாட்டுங்கா நடை தூரம். 1940-இல் தொடங்கிய கஃபே மெட்ராஸ், 1942-இலிருந்து இலை போட்டுச் சோறு போடும் ராம நாயக் உடுப்பி, வறுத்த காப்பிக்கொட்டையை நம் கண்ணெதிரே அரைத்துத் தரும் கடைகள், கதம்பம் கட்டி விற்கும் பூக்கடைகள். இங்கேயாவது குறை இருக்காது என்று நினைத்தால் நீங்கள் அண்ணாச்சியை அறியாதவர். “நம்ம சாப்பாட்டுக்கு நாம வரிசையில நிக்கோம். முன்னால நிக்கவன் பூரா குஜராத்தி. அவன் உள்ள போயி ரசத்தக் குடிச்சிட்டு ‘சூப்பு நல்லாருக்கு’ங்கான்!”

புதன்கிழமைக் குறை தனி. அன்றைக்கு மாஹிம் செயின்ட் மைக்கேல் கோயிலில் நவநாள். சாதி மதம் பார்க்காமல் பம்பாயே திரண்டு வருவதால் பஸ் நகராது. கோயில் வாசலில் கால், கை, குழந்தை, வீடு என்று மெழுகில் செய்து விற்பார்கள். எது வேண்டுமோ அதை வாங்கி மாதா காலடியில் வைக்க வேண்டும். நெரிசலைத் திட்டிக்கொண்டே ஒன்பது புதன் ஆச்சியோடு போய் மெழுகு வீடு வைத்தவர் அண்ணாச்சி. ஓர் அறையும் சமையற்கட்டுமாக வீடு அமைந்தது. “ரெண்டு ரூம் வச்ச மெழுகா வாங்கியிருக்கணும்” என்பது இப்போதைய குறை.

இவருடைய அப்பா காலத்துக் குறைகள் வேறு தினுசு. 1966 ஜூனில் சிவசேனை பிறந்தது. ஆரம்ப ஆண்டுகளில் அதன் கோபம் பெரும்பாலும் தென்னிந்தியர்கள் மேல்தான். லுங்கிக்காரனை விரட்டு என்பது கோஷம். உடுப்பி ஓட்டல்கள் மேல் கல் விழுந்தது. அன்றைக்குச் சாம்பாரில் வெல்லம் தூக்கலாக இருக்கிறது என்று யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். கடை திறந்திருந்தால் போதும் என்றிருந்திருக்கும். அதே 1966-இல்தான் தாதர் நிலையத்துக்கு வெளியே அசோக் வைத்யா என்பவர் வடா பாவ் விற்கத் தொடங்கினார் என்று பம்பாய்க்காரர்கள் சொல்வார்கள். இட்லிக்குப் போட்டியாக அதை மராத்திப் பலகாரமென்று சேனை தூக்கிப் பிடித்ததும் உண்டு. அண்ணாச்சி அந்தக் கோஷத்தை மன்னித்துவிட்டார். பலகாரத்தை மன்னிக்கவில்லை. “உருளைக்கிழங்கு போண்டாவ ரொட்டிக்குள்ள வச்சு மூடுதான். எதுக்கு வே மூடணும்? ஏதோ குத்தம் இருக்குன்னுதான அர்த்தம்?” தினமும் சாயங்காலம் ரயிலைவிட்டு இறங்கியதும் அந்தக் குற்றத்தை நேரில் விசாரித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார், உலர்ந்த பூண்டுச் சட்னி கொஞ்சம் கூடுதலாக வைத்து. சாம்பாரைப் பற்றி மட்டும் கவலைப்பட்டால் போதும் என்ற காலம் வந்தது நல்லதுதான் என்று எனக்குப் படுகிறது. அவரிடம் இதைச் சொல்லவில்லை.

குறை சொல்வதில் அண்ணாச்சிக்குப் பெரிய இடத்து முன்னோடி ஒருவர் உண்டு. 1526-இல் பானிப்பட்டில் ஜெயித்து டெல்லியைப் பிடித்த பாபர், தன் நினைவுக் குறிப்பில் இந்துஸ்தானத்தைப் பற்றி ஒரு நீண்ட புகார்ப் பட்டியல் எழுதி வைத்திருக்கிறார். நல்ல திராட்சை இல்லை, முலாம்பழம் இல்லை, பனிக்கட்டி இல்லை, குளிர்ந்த தண்ணீர் இல்லை, கடைத்தெருவில் வாய்க்கு விளங்குகிற ரொட்டி இல்லை, வெந்நீர்க் குளியலறை இல்லை. யாரோ கொண்டுவந்த ஒரு முலாம்பழத்தை அறுத்துச் சாப்பிட்டபோது கண்ணீரே வந்துவிட்டதாம். ராஜ்ஜியம் முழுக்கக் கையில் இருந்தது. ஆனால் நாக்கு காபூலில் இருந்தது. நாடு பெரியது, பொன்னும் வெள்ளியும் ஏராளம், வேலைக்காரர்களுக்குக் குறைவில்லை என்று ஒப்புக்கு இரண்டு வரியும் எழுதினார். எழுதிவிட்டு இங்கேயே இருந்தார். 1530-இல் ஆக்ராவில் இறந்தார். அண்ணாச்சியிடம் பாபர் கதையைச் சொன்னபோது மரியாதையோடு கேட்டார். “அந்தாளு சாம்பாரக் குடிச்சிருந்தா அன்னைக்கே திரும்பிப் போயிருப்பாரு” என்றார்.

வருஷத்துக்கு ஒரு முறை கோயில் கொடைக்கு ஊர்ப் பயணம். நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஒன்றரை நாள் போல ஆகும். முதல் நாள் ஆற்றில் குளியல், இலையில் சோறு, எல்லாம் தேவாமிர்தம். இரண்டாம் நாள் ஆட்டோவில் ஏறுவார்.

“மீட்டர் போடாம எப்படி ஓட்டுதான்? எங்க ஊர்ல ஒரு ரூவா கூடக் கேக்க மாட்டான். மிச்சச் சில்லறைய எண்ணிக் கையில தருவான்.”

இந்த இடத்தில் வாசகர்களுக்கு ஒரு தகவல். பம்பாய் ஆட்டோக்கள் பாந்த்ராவோடு நின்றுவிடும்; கழிமுகம் தாண்டி மாஹிமுக்குள் வர அனுமதி கிடையாது. வீட்டு வாசலுக்கு ஆட்டோ வராத ஊர் என்று பம்பாயைத் திட்டுகிறவரும் இவரேதான். 2012-இல் தமிழ்நாட்டில் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது ஊருக்குப் போனவர், விசிறிமட்டையும் கையுமாகத் திண்ணையில் உட்கார்ந்து, மாஹிமில் ‘பெஸ்ட்’ நிறுவனத்தின் மின்சாரம் எப்படி நிற்காமல் வருகிறது என்று தெருவுக்கே பாடம் எடுத்தார். ராத்திரி ஒன்பது மணிக்குக் கடையை அடைத்துவிட்டான் என்று குறை. டீயில் இஞ்சி தட்டிப் போடவில்லை என்று குறை. கடைசியில் தங்கச்சி வீட்டு விருந்தில் சாம்பாரை ஊற்றிப் பிசைந்து, ஒரு வாய் சாப்பிட்டு, கையை நிறுத்தினார்.

“உறைப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு, என்ன? ஒரு துண்டு வெல்லம் போட்டா எடுத்துக் குடுக்கும்.”

தங்கச்சி ஆச்சியைப் பார்த்தாள். ஆச்சி இலையைப் பார்த்தார்.

இதையெல்லாம் வைத்து அவரை மடக்கிவிடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். போன வருஷம் சென்னையிலிருந்து வேலைக்கு வந்த மருமகன் முறைப் பையன் ஒருவன், மாமாவுக்கு ஒத்து ஊதுவதாக நினைத்து, “ஆமா மாமா, என்ன ஊரு இது? சாப்பாடும் சரியில்ல, மழையும் சரியில்ல, ரயில்ல நிக்க இடமில்ல” என்றான். அண்ணாச்சி பேப்பரை மடித்து வைத்தார். அரை மணி நேரம் அவனுக்குப் பம்பாய் என்றால் என்ன என்று விளங்கியது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் பொம்பளைப் பிள்ளை தனியாக ரயிலில் வரலாம். 2005 ஜூலை 26-இல், சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, முன்பின் தெரியாத வீட்டுக்காரர்கள் இவரை உள்ளே கூப்பிட்டு, துவட்டத் துண்டு கொடுத்து, அவல் உப்புமா போட்டார்கள். “அதுல சீனி போட்டிருந்தான்” என்று சேர்த்துக்கொண்டார், “அதுக்கு என்ன இப்போ?” என்று பையனையே முறைத்தார்.

ஆகவே மாஹிம் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. அண்ணாச்சி குறை சொல்லும்போது காது கொடுங்கள். தலையை மட்டும் ஆட்டிவிடாதீர்கள். பம்பாயைத் திட்டும் உரிமை அவர் வாடகை கட்டிச் சம்பாதித்தது, நேற்று வந்தவர்களுக்கு அதில் பங்கு கிடையாது. சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனால் தாராளமாகப் போங்கள். பில்லை அவர்தான் கொடுப்பார்.