மணி பிளான்ட்டும் மூடிய ஜன்னலும்: ஓர் ஆராய்ச்சி

மணி பிளான்ட் என்பது ஹார்லிக்ஸ் பாட்டிலில் வாழும் கொடி. காசு கொடுத்து வாங்கினால் வளராது, திருடி வைத்தால்தான் தழைக்கும் என்பது உலக வழக்கு. எம் இல்லத்துக் கொடி நன்றாகவே தழைத்திருக்கிறது. வந்த வழி கேளற்க.

அது அறைக்காற்றைத் தூய்மை செய்யும் என்பது எதனாற் பெறுதும் எனின், நாசாவாற் பெறுதும். 1989இல் அங்கே வுல்வர்ட்டன் என்பாரும் குழுவினரும் செடிகளைக் காற்றுப்புகாச் சிறு பெட்டியில் அடைத்து, பென்சீன், ஃபார்மால்டிஹைடு முதலியவற்றை உள்ளே விட்டு, அவை குறையக் கண்டனர். புகழ் முழுதும் இலைக்குப் போயிற்று. உழைத்ததில் பெரும்பங்கு வேரடி மண்ணுக்கும் அதில் வாழும் நுண்ணுயிர்க்கும் உரியது என்று அவர்களே எழுதியதை யாரும் படித்திலர். எம் கொடியோ தண்ணீரில் நிற்பது. மண்ணே இல்லை.

இனி மறுப்பு. 2019இல் டிரெக்சல் பல்கலைக்கழகத்தார் இருவர் பழைய சோதனைகள் 196ஐக் கூட்டிக் கணக்கிட்டனர். கட்டடத்தில் இயல்பாகப் போய்வரும் காற்றே செய்யும் வேலையைச் செடிகள் செய்யவேண்டுமானால், சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடி வேண்டும் என்பது முடிபு. எம் படுக்கையறை பத்துக்குப் பதினொன்று அடி. ஏறக்குறைய 10 சதுர மீட்டர். ஆகவே 100 செடி முதல் 10,000 செடி வரை. அஃதேல் கட்டிலை எங்கே போடுவது எனின், அது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

அற்றன்று, ஜன்னலைத் திறந்தால் போதாதோ எனின், போதும். ஆனால் கொடி ஜன்னல் கம்பியில் ஏறி, கொக்கியைச் சுற்றி, கதவை இறுகக் கட்டிவிட்டது. "இலை அறுந்துடும், தொடாதீங்க" என்பது வீட்டு நூற்பா. காற்றைச் சுத்தப்படுத்த வந்த கொடியால் காற்று வரவில்லை.

சென்ற மாதம் கொசு ஒழிப்புப் பணியாளர் அம்மா ஒருவர் வந்தார். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "சார், புழு நெளியுது பாருங்க" என்றார். ஏடிஸ் கொசுவுக்குத் தெளிந்த தண்ணீர்தான் பிடிக்கும். நாமும் கொடிக்கென்று தெளிந்த தண்ணீரையே ஊற்றிவந்தோம். பாட்டிலைக் கழுவ வேண்டி, கொக்கியில் சுற்றியிருந்ததைப் பக்குவமாகப் பிரித்தோம். கதவு தானே திறந்துகொண்டது. ஐந்து நிமிடம் காற்று வந்தது. எதிர்வீட்டில் மீன் வறுப்பதும் தெரிந்தது.

பிறகு வீட்டில் புதுத் தண்ணீர் ஊற்றி, கொடியைக் கொக்கியில் பழையபடியே சுற்றிவிட்டார்கள்.