எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வா: ஹோட்டல் முதலாளிகளுக்கு ஒரு வழிகாட்டி

ஹோட்டல் நடத்துகிறவர்கள் நான்கு பேர் சேர்ந்தால் பேச்சு ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். "ஆளே கிடைக்கறதில்லைங்க. கிடைச்சாலும் நிக்கறதில்லைங்க. நின்னாலும் கத்துக்கறதில்லைங்க." இதற்கென்றே மண்டபம் பிடித்து, கோட் போட்ட ஒருவர் திரையில் படம் காட்டி, வளரும் தலைவர்களை உருவாக்குவது எப்படி என்று வகுப்பெடுப்பதெல்லாம் உண்டு. மதியச் சாப்பாடு மட்டும் நன்றாக இருக்கும். நீங்கள் அங்கே போய்ப் பணம் கட்ட வேண்டாம். இளம்பிள்ளையில் இருபது வருஷம் பரோட்டாக் கடைக் கல்லாவில் உட்கார்ந்தவன் நான். இலவசமாகவே சொல்லித்தருகிறேன்.

முதலில் ஸ்தல புராணம். பக்கத்துக் கஞ்சமலையில் நடந்ததாக எங்கள் பக்கம் ஒரு கதை உண்டு. ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள், சாரம் ஒன்றுதான். மூலிகை தேடி வந்த திருமூலர், கூட வந்த வயதான சீடரைச் சோறாக்கச் சொல்லிவிட்டு மலையேறிவிட்டார். சோறு பொங்குகிறது, கிளறக் கரண்டி இல்லை. சீடர் கைக்கு அகப்பட்ட ஒரு குச்சியை ஒடித்துக் கிளறினார். சோறு கன்னங்கரேல் என்று ஆகிவிட்டது. குரு வந்தால் என்ன சொல்வாரோ என்று பயந்து மொத்தத்தையும் தானே தின்றுவிட்டார். தின்ற கிழவர் வாலிபனாகிவிட்டார். திரும்பி வந்த குரு விஷயம் தெரிந்து குச்சியைக் கேட்டால், அது அடுப்போடு போய்விட்டது. சரி, தின்றதையாவது கக்கு என்று சொல்லி, அதைத் தான் உண்டு குருவும் இளமை பெற்றாராம். அந்தச் சீடர்தான் காலாங்கி சித்தர் என்பார்கள். கிழவர் இளம் பிள்ளையான இடம் என்பதால் ஊருக்கு இந்தப் பெயர் என்றும் சொல்வார்கள்.

அமாவாசைக்குச் சித்தர் கோவிலில் கூடும் கூட்டம் இதில் மூலிகை மகிமையைப் பார்க்கிறது. எனக்குத் தெரிவது ஒரு சமையல்கட்டு. கரண்டி கொடுக்காமல் வேலை சொன்ன மாஸ்டர், தப்பை வாயில் போட்டு மறைத்த உதவியாள், கடைசியில் லாபத்தில் பங்கு கேட்ட மாஸ்டர். அன்று முதல் இன்று வரை எங்கள் தொழிலில் பயிற்சிமுறை இதுதான். எனவே முதல் விதி: கரண்டி கொடுக்காதீர்கள்.

ஆள் எடுக்கும்போது வயதைப் பாருங்கள். அந்தக் காலத்தில் அரைக்கால் சட்டையோடு வந்தவனைத் தண்ணீர் வைக்க விட்டுவிடுவார்கள். 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை டீக்கடையிலும் ஹோட்டலிலும் வேலைக்கு வைக்கக் கூடாது என்று 2006 அக்டோபர் 10 முதல் தடை வந்தது. அதனால் நாங்கள் திருந்தி, ஐம்பது வயதுக்காரரையும் "பையா" என்று கூப்பிட ஆரம்பித்தோம். இதில் எதிர்பாராத ஒரு நன்மை. என்னிடம் பீகாரிலிருந்து ஒருவன் வந்து சேர்ந்தான், இருபது வயதிருக்கும். "பையா, டேபிள் தொட" என்று கத்துவேன். ஓடி வந்து அவ்வளவு பணிவாகத் துடைப்பான். பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அவன் ஊரில் 'பையா' என்றால் அண்ணன். கல்லாவில் உட்கார்ந்திருக்கிற முதலாளி தன்னை அண்ணா என்று கூப்பிடுகிறாரே என்று உருகிப்போயிருக்கிறான். ஊழியருக்கு மரியாதை கொடுங்கள் என்று கோட் போட்டவர் ஒரு மணி நேரம் பேசியதை நான் ஒரே சொல்லில், அதுவும் தெரியாமலே, சாதித்திருக்கிறேன்.

அடுத்தது பாடத்திட்டம். முதல் வருஷம் வெங்காயம். இரண்டாம் வருஷமும் வெங்காயம். அடுப்புப் பக்கம் வந்தால், "அங்க என்ன வேடிக்கை?" என்று ஒரு அதட்டல் போட வேண்டும். மதுரையில் பரோட்டா போடச் சொல்லித்தர பயிற்சி மையமே இருக்கிறதாம், காசு வாங்கிக்கொண்டு கற்றுத்தருகிறார்களாம். கேட்டபோது எனக்கு அருவருப்பாக இருந்தது. என் பீகார்ப் பையன், தறிக்காரர் ஒருவர் கழித்துப்போட்ட சேலைத் துண்டு ஒன்றை எங்கிருந்தோ வாங்கி வந்து, நனைத்துப் பிழிந்து, கடை சாத்தின பிறகு கல் மேடை மீது வீசி வீசிப் பழகினான். ஓரத்தில் ஜரிகை மயில் வேறு. இரவு பதினோரு மணிக்கு மாவு மேடையில் ஒரு மயில் பறந்து பறந்து விழுவதை நினைத்துப் பாருங்கள். மாவு மாதிரியே மெல்லிசாக விரிந்து, மடிந்து, சுருண்டு உட்கார்ந்தது. நான் பார்த்தேன். பாராட்டவில்லை. பாராட்டினால் சம்பளம் கேட்பான்.

ரகசியத்துக்கு வருவோம். சால்னாவுக்கு மசாலா அரைக்கும் நேரத்தில் கடையில் யாரும் இருக்கக் கூடாது. நான் கண்டுபிடித்த வழி எளிது: "பையா, ஓடிப்போயி எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வா." ஆறு வருஷம் தினமும் வாங்கி வந்தான். எங்கள் கடைச் சாப்பாட்டில் எதிலுமே எலுமிச்சம்பழம் சேராது. அவன் ஒருநாளும் எதற்கு என்று கேட்கவில்லை. அதுதான் கீழ்ப்படிதல் என்று பெருமைப்பட்டேன். திரும்பி வந்ததும் அவனுக்கு என்ன வேலை கொடுத்தேன் என்பதைத்தான் யோசிக்காமல் விட்டேன். மிக்ஸி ஜார் கழுவுவது. ஜார் கழுவுகிறவனிடம் எந்தச் சமையல்கட்டிலும் ரகசியம் நிற்காது. பட்டை எவ்வளவு, சோம்பு எவ்வளவு, கசகசாவுக்குப் பதில் எந்த மாதத்திலிருந்து பொட்டுக்கடலை, எல்லாம் பிளேடுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

கணக்குப் பாடம். பக்கத்தில் நாமக்கல் இருப்பது இதற்கு வசதி. முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் பண்ணை விலை ஏறும், இறங்கும். ஆம்லெட்டுக்கு ஏற மட்டும்தான் தெரியும். இதைப் பையனுக்கு வாயால் சொல்லத் தேவையில்லை, விலைப்பலகையை அழித்து எழுதும் வேலையை அவனிடம் கொடுத்தால் போதும்.

சான்றிதழும் வேண்டும். லைசென்ஸ் உள்ள கடையில் 25 பேருக்கு ஒருவராவது உணவுப் பாதுகாப்புப் பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் இருக்க வேண்டும் என்பது விதி. பயிற்சிக்கு மச்சானை அனுப்புங்கள். அவர் கடைப்பக்கமே வராதவர் என்பதால் சான்றிதழ் கசங்காமல் இருக்கும். கையுறை ஒரு ஜோடி வாங்கி, அதே கையுறையோடு பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, அதே கையுறையோடு காசும் வாங்கினால் அதிகாரிக்குத் திருப்தி, ஐந்நூறு ரூபாய் நோட்டும் சுத்தமாக இருக்கும்.

ஆபத்துக் காலத்தில்தான் தலைவன் யார் என்று தெரியும் என்கிறார்கள். எங்கள் ஊரில் ஆபத்துக்குத் தேதி உண்டு. பராமரிப்புக்காக மின்வாரியம் கரண்டை நிறுத்தும் நாள். தெரு முழுக்கச் சடசடவென்று ஓடிக்கொண்டிருந்த விசைத்தறி ஒரே நொடியில் நிற்கும். காதே அடைத்தமாதிரி இருக்கும். அடுத்த நொடி, அத்தனை பேரும் டீக்கு வருவார்கள். அப்படி ஒருநாள் சட்னி அரைக்கவில்லை, மாஸ்டர் முன்பணம் வாங்கிய கையோடு போனை அணைத்துவிட்டார், வாசலில் ஐம்பது பேர். நான் கல்லாவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். என் பங்குக்கு முடிந்தது அவ்வளவுதான். பையன் கடையில் இருந்த தட்டுவடையை எடுத்தான். கேரட்டும் பீட்ரூட்டும் துருவினான். முந்தின நாள் காரச் சட்னி கொஞ்சம் இருந்ததைத் தடவி, மேலே இன்னொரு வடையால் மூடி, 'செட்' 'செட்'டாக நீட்டினான். பிழிவதற்கு அன்றைக்கு வாங்கி வந்த எலுமிச்சம்பழம். கரண்ட் வரும் வரைக்கும் ஒரு ஆள் திரும்பிப் போகவில்லை. சாயங்காலம் அவனைக் கூப்பிட்டு, கேட்காமல் தட்டுவடையை எடுத்ததற்குத் திட்டினேன். ஒழுக்கம் முக்கியம்.

சமையல்கட்டைப் பட்டாளம் மாதிரி வகுத்து, இன்னாருக்கு இன்ன வேலை என்று 1890களில் லண்டன் சவாய் ஹோட்டலில் ஒழுங்கு கொண்டுவந்தவர் எஸ்காஃபியே என்ற பிரெஞ்சுக்காரர். உலகமே இன்றும் அந்த முறையைத்தான் படிக்கிறது. 1898இல் அதே ஹோட்டல் அவரைக் கணக்கு வழக்குச் சந்தேகத்தில் வெளியே அனுப்பியது. மறுவருஷமே அவர் பக்கத்துக் கார்ல்டன் ஹோட்டலில் அடுப்பைப் பற்றவைத்துவிட்டார். இதை எனக்கு முன்னாடியே யாராவது சொல்லியிருக்கலாம்.

ஏனென்றால் ஆளை நிறுத்திவைக்க எங்கள் பக்கம் தறிக்கும் ஹோட்டலுக்கும் தெரிந்தது ஒரே வழி, முன்பணம். கடன் இருக்கிறவரை ஆள் இருப்பான். பையனிடமும் நீட்டிப் பார்த்தேன். "வேண்டாங்க" என்றுவிட்டான். அதற்குள் 'ங்க' போடப் பழகியிருந்தான். பைசா கடன் இல்லாதவனை எதைச் சொல்லி நிறுத்துவது? ஆறாம் வருஷம் தீபாவளி முடிந்ததும் கும்பிட்டுவிட்டுப் போனான். சேலை எடுக்க வெளியூர்க்காரர்கள் வந்து இறங்குகிற இடமாகப் பார்த்து ஒரு தள்ளுவண்டி போட்டான்.

போன வாரம் போயிருந்தேன். சும்மா, வேவு பார்க்கத்தான். "வாங்க முதலாளி" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். ஆறு வருஷத்தில் நான் அவனை ஒருமுறைகூட உட்காரச் சொன்னதில்லை என்பது அந்த ஸ்டூலில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. பரோட்டாவில் அடுக்கு தனித்தனியாக வந்தது. சால்னா என்னுடையதுதான், பொட்டுக்கடலைக்குப் பதில் கசகசாவைத் திரும்பப் போட்டிருந்தான். காசு கொடுத்தேன், வாங்கிக்கொண்டான். சரியாகக் கற்றுக்கொண்டிருக்கிறான்.

உதவிக்கு உள்ளூர்ப் பையன் ஒருவன். அப்பா தறிக்காரர், இவனுக்குத் தறி பிடிக்கவில்லையாம். மறுநாள் மசாலாவுக்கு டப்பாக்களைத் திறந்துகொண்டே அவனைப் பார்த்து, "பையா, ஓடிப்போயி எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வா" என்றான். எந்த ஊர்ப் பையா என்று குரலை வைத்துச் சொல்ல முடியவில்லை.

பையன் ஓடினான். முக்குக் கடைவரை போனவன், கரண்டுக் கம்பத்துக்குப் பின்னால் நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் வண்டிக்காரனிடம் சொல்லவில்லை.