குப்பைத் தொட்டி மேடை: மூடிச் சிக்கல் குறித்து ஓர் ஆய்வு

அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடத்தில் இரண்டு குப்பைத் தொட்டிகளை ஒதுக்கி வைக்க மரத்தால் செய்யும் நாலுகால் மேடையானது, ஆசாரி அரைநாளில் முடித்துவிடும் வேலை என்பதாலேயே அறிஞர் கவனத்துக்கு வராமல் போயிற்று. அக்குறை ஈண்டுக் களையப்படும்.

தொட்டியின் வரலாறு தெளிவானது. 1883 இறுதியில் பாரிஸை நிர்வகித்த யூஜேன் புபெல், கட்டட உரிமையாளர்கள் மூடியிட்ட தொட்டி வைத்தே ஆக வேண்டும் என ஆணையிட்டார். அழுகுவதற்கு ஒன்று, காகிதத்துக்கும் கந்தலுக்கும் ஒன்று, கண்ணாடி, பீங்கான், சிப்பி ஓட்டுக்கு ஒன்று. நம் நாட்டின் 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளும் மூன்றாகத்தான் பிரித்தன. சிப்பி இருந்த இடத்துக்குக் காலாவதி மருந்தும் தீர்ந்த பேட்டரியும் வந்தன. மூன்றாம் தொட்டியை எந்த நூற்றாண்டிலும் எவரும் மதித்ததில்லை என்பது என் துணிபு. நம் அடுக்ககங்களில் அது கேட் கம்பியில் தொங்கும் ஒரு கேரிபேக்.

இனி மேடை. சக்கரம் வைத்த 120 லிட்டர் தொட்டி ஏறக்குறைய 93 செ.மீ. உயரம், 48 அகலம், 55 ஆழம். இரண்டை இடைவெளி விட்டு நிறுத்த உள் அகலம் மூன்றரை அடி போதும். கால்களுக்கு வேப்பஞ்சட்டம் நன்று. எதுவாயினும் கால் நேரே தரையில் ஊன்றலாகாது. மழைத் தண்ணீர் மரத்தின் வெட்டுவாய் வழியே உறிஞ்சப்பட்டு ஏறும்; பின்னாலேயே கரையானும் ஏறும். ஆகவே வெட்டுவாயில் ரெண்டு கோட் ப்ரைமர், காலுக்கு அடியில் ஆளுக்கொரு கடப்பாக்கல் துண்டு. இதுவரை கருத்து வேற்றுமை இல்லை.

மேல்பலகை வேண்டும் என்பது ஒரு சாரார் கொள்கை. பார்வைக்கு மறைவு, பினாயில் வைக்க இடம் என்பர். அது பொருந்தாது. என்னை? மூடியின் கீல் பின்பக்கம். மூடி நிமிர்ந்தால் தலைக்கு மேல் அரை மீட்டர் வெளி கேட்கும். பலகையோ நாலு விரல் உயரத்தில். எனவே ஒவ்வொரு முறையும் தொட்டியை வெளியே இழுத்தாக வேண்டும். ஒரு கையில் சொட்டுகிற பையும் மறுகையில் மூக்குமாக வருபவருக்கு மூன்றாம் கை ஏது? காலால் இழுப்பார். இழுத்தவர் திரும்பத் தள்ளியதாகச் சான்று இல்லை. நாளடைவில் தொட்டிகள் முன்னே வந்து நிற்க, காலியான மேடைக்குள் பாதி காய்ந்த பெயின்ட் டப்பா, உடைந்த ஃப்ளஷ் டேங்க், தங்களுடையது என்று எந்த வீட்டாரும் ஒப்புக்கொள்ளாத மூன்று சக்கர சைக்கிள் ஆகியன குடியேறும். தொட்டி வெளியே, குப்பை உள்ளே.

பலகையே வேண்டாம் என்பாரும் உளர். அவர்கள் காக்கையை அறியாதவர்கள், விடுக.

மூன்றாம் கட்சி நுட்பமானது. பலகைக்கும் கீல் வைத்து, அதைத் தொட்டி மூடியோடு சங்கிலியால் பிணைத்துவிட்டால் இரண்டும் ஒருசேரத் திறக்கும். வெளிநாட்டு வீடுகளில் இது வழக்கம்தான். ஆனால் அங்கே வாசலில் சமதளமான பலகையைக் கண்டதும் நம் டெலிவரி பையன் பார்சலை அதன்மேல் வைத்துவிட்டு, படம் பிடித்து அனுப்பிவிட்டுப் போவதில்லை. பார்சலைப் பிரித்த அட்டையைப் போட மூடியைத் திறக்க வேண்டும். திறக்க விடாமல் மேலே அடுத்த வீட்டுப் பார்சல்.

இவ்விடத்தில் ஆசாரி கூறும் பாடமே கொள்ளத்தக்கது: கீலையும் சங்கிலியையும் விடாமல், பலகையை மட்டும் முன்பக்கம் சாய்த்து அடி. சாய்வில் பார்சல் நிற்காது, மழைத் தண்ணீரும் தங்காது. சங்கச் செயலாளர் ஒருவர்தான் இதை ஏற்கவில்லை. அவருக்கு ஹெல்மெட் வைக்க இடம் வேண்டுமாம்.