படிவத்தில் அம்மம்மாவுக்கு இடமில்லை

கற்பிட்டித் தீபகற்பத்தின் தலவில கோயிலுக்குப் பாதுகாவலி ஒரு பாட்டி. மரியாளின் தாய் அன்னம்மாள், இயேசுவுக்கு அம்மம்மா. மத்தேயு தம் நற்செய்தியைத் தொடங்குவதே ஒரு வம்ச வரிசையோடுதான். லூக்காவும் வேறொரு வரிசை தருகிறார். இரண்டிலும் அன்னம்மாள் பெயர் இல்லை. இரண்டாம் நூற்றாண்டில் எழுதப்பட்டு, விவிலியத்துக்குள் சேராமல் வெளியே நின்ற ‘யாக்கோபின் முதல் நற்செய்தி’யில்தான் அந்தப் பெயர் வருகிறது. வம்ச வரிசை விட்டுவிட்ட பாட்டியைச் சனங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டே வைத்துக்கொண்டார்கள். முன்னோரைத் தேடிக் கணினி முன் உட்காரும் எங்கள் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

நான் சிறுவனாக இருந்த அறுபதுகளில் எங்கள் வம்சாவளிக் காரியாலயம் தலவிலதான். மார்ச்சில் ஒரு திருவிழா, ஜூலை கடைசியில் கொடியேறி ஓகஸ்டில் முடியும் பெருவிழா ஒன்று. நீர்கொழும்பு, சிலாபம், மன்னார்ப் பக்கத்துச் சனமெல்லாம் வந்து மரங்களுக்குக் கீழே மணலில் கிடுகுக் கொட்டில் போட்டுத் தங்கும். அம்மம்மா பாயில் கால் நீட்டி உட்கார்ந்து வெற்றிலை இடித்தபடி, தாண்டிப் போகிற ஒவ்வொருவரையும் கூப்பிடுவார். “நீ ஆர்ட மகன்?” பெர்னாண்டோ என்று சொன்னால் விடமாட்டார். “பெர்னாண்டோ ஊர் நிறைய. அம்மா ஆர்? அம்மாட அம்மா ஆர்?” அந்த மூன்றாவது கேள்விக்குப் பதில் வந்ததும் அவர் முகம் மலரும். வந்தவருக்குப் பாயில் இடம் கிடைக்கும், எனக்கு ஒரு புது மாமாவோ மச்சானோ கிடைப்பார்கள்.

இன்று அதே கேள்வி மிலானிலிருந்து வருகிறது. சின்னம்மாவின் மகள், எனக்குத் தங்கச்சி. அவளுடைய மகள் அங்கே இருக்கிறாள். சிங்களத்தில் படித்தவள், தமிழ் பேசுவாள், வாசிக்க வராது. கலியாணத்துக்கு ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டார்கள் என்று தொடங்கிய தேடல் அவளை விடவில்லை. “மாமா, நம்ம பெயரை அடிச்சா ஆயிரக்கணக்கில வருது. இதில நம்ம ஆள் யாரு?” என்கிறாள். அம்மம்மாவின் இரண்டாவது கேள்வியும் மூன்றாவது கேள்வியும் இல்லாமல் அந்தப் பெயர்க் கடலில் யாரும் கரை காண முடியாது. போர்த்துக்கேயர் காலத்தில் ஞானஸ்நானத்தோடு வந்த பெயர்கள் பெர்னாண்டோ, பெரேரா, சில்வா. இந்தக் கரையில் சொந்தமே இல்லாத குடும்பங்களும் ஒரே பெயரோடு அடுத்தடுத்த வளவில் இருக்கின்றன.

அவள் தேடும் இடங்களில் பெரியது ‘பேமிலிசேர்ச்’. மோர்மன் சபையார் 1894இல் தொடங்கிய வம்சாவளிச் சங்கத்தின் வழிவந்தது, காசு கேட்பதில்லை. 1938 முதல் உலகெங்கும் பதிவேடுகளை நுண்படம் எடுத்தவர்கள் அவர்கள். இலங்கையின் டச்சுச் சீர்திருத்தச் சபைப் பதிவேடுகளும் அங்கே உண்டு. சில படங்களை வீட்டிலிருந்து பார்க்கலாம், சிலவற்றுக்கு அவர்களுடைய நிலையத்துக்கே போகவேண்டும்.

டச்சுப் பதிவேட்டில் கத்தோலிக்கர் எப்படி வந்தார்கள் என்று அவள் கேட்டாள். 1658இல் போர்த்துக்கேயரை விரட்டிய டச்சுக்காரர் கத்தோலிக்கக் குருக்களுக்குத் தடை போட்டார்கள். 1687இல் யோசேப்பு வாஸ் அடிகள் மாறுவேடத்தில் வந்து இறங்கி, ஒளிந்து திரிந்து பூசை வைத்த காலம் அது. ஆனால் கலியாணமும் பிள்ளையும் சட்டப்படி செல்லவேண்டுமானால் டச்சுப் பள்ளிக்கூட உபாத்தியாயரின் பதிவேடான தோம்பில் பெயர் ஏறவேண்டும். ஆகவே இரவில் குருவிடமும் பகலில் உபாத்தியாயரிடமும் போன குடும்பங்கள் உண்டு. 1806இல்தான் ஆங்கிலேயர் அந்தத் தடைகளை நீக்கினார்கள். எங்கள் வேதத்தை ஒழிக்க நினைத்த அரசே எங்கள் சனங்களின் பெயரை எழுதி வைத்தது. ஒளித்துக் காத்த குருக்களோ எழுதி வைக்க வழியில்லாமல் அலைந்தார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

கோயில் பதிவேடு இன்னொரு உலகம். பங்குச் சுவாமியின் அனுமதியோடு அம்மம்மாவின் ஞானஸ்நானப் பக்கத்தைப் படம் பிடித்து மிலானுக்கு அனுப்பினேன். பழுப்பேறிய தாள், இலத்தீன் தலைப்புகள், மை பரவிய சாய்வெழுத்து. பிள்ளையின் பெயர், தகப்பன், தாய், ஞானப்பெற்றோர். 1908 முதல் திருச்சபைச் சட்டப்படி, ஒருவருக்குக் கலியாணமானால் அதை அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்திலும் குறிக்கவேண்டும். அந்த ஓரத்தில் இரண்டு வரி: திகதி, கோயில், மாப்பிள்ளை பெயர். தேடுகிறவர்கள் முதலில் கண்வைக்கவேண்டியது இந்த ஓரத்தில்தான், அடுத்து எந்தக் கோயில் பதிவேட்டைத் திறப்பதென்று அது சொல்லும்.

ஆனால் அம்மம்மாவின் பக்கம் எதுவென்று முதலில் தெரியவில்லை. அடுத்தடுத்த பக்கங்களில் அவர் பெயரிலேயே மூன்று மரியாக்கள், மூவருக்கும் தகப்பன் பெயர் ஒன்றே. ஒருத்தியின் ஓரத்தில் மட்டும் குறிப்பு. மற்ற இருவரின் ஓரம் வெறுமை, எழுத மறந்தும் இருக்கலாம். முடிவு சொன்னது ஞானத்தாயின் பெயர். தலவிலவில் எங்களுக்குப் பக்கத்துக் கொட்டிலில் வருஷாவருஷம் தங்கிய மாம்புரிக் கிழவி அவர். அம்மம்மா அவர் காலைத் தொட்டு முத்தமிட்டதை நான் கண்டிருக்கிறேன். எந்த இணையத்தளத்திலும் அது இல்லை.

பாட்டியை விட்டுவிடும் குறை அரசாங்கப் பத்திரத்தில் இன்னும் வெளிச்சம். எங்கள் பழைய பிறப்புச் சான்றிதழில் தாத்தா இலங்கையில் பிறந்தவரானால் பெயர், பிறந்த ஆண்டு, இடம் எழுதக் கூடு உண்டு. பாட்டிக்கு இல்லை. மரண அறிவித்தல்கள் எவ்வளவோ மேல். ‘காலஞ்சென்ற இன்னாரின் அன்பு மனைவியும், இன்னாரின் பாசமிகு தாயாரும்’ என்று பெண்வழி உறவும் வரிசையாக வரும். நூலகம் நிறுவனம் 2005இலிருந்து இணையத்தில் ஏற்றிவரும் ஆவணங்களில் நினைவு மலர்களும் உண்டு. கற்பிட்டியில் 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டியின் ‘சிலோன் கெசற்றியர்’ (1834) இன்று மின்வடிவில் கிடைக்கிறது. நம் ஊர்கள் அப்போது எப்படி இருந்தன என்பதற்கு அதையும் வாசியுங்கள்.

இந்த வம்சாவளித் தேடலைப் பொழுதுபோக்கு என்று சிலர் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் சனங்கள் புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் வந்து சேர்ந்தபோது, பலரிடம் காணி உறுதியும் இல்லை, சான்றிதழும் இல்லை. தாம் யார் என்பதைத் தாளில் காட்டுவதற்கு அவர்கள் பட்டபாட்டை இந்தத் தீபகற்பம் கண்டிருக்கிறது.

இந்த முறை தலவிலவுக்கு வருகிறவர்கள் கைபேசியில் பேட்டரி மிச்சம் வைத்து வாருங்கள். கூட வந்த கிழவிகளிடம் அம்மாவின் பெயர், அம்மாட அம்மாவின் பெயர், பிறந்த ஊர், ஞானத்தாய் யார் என்று கேட்டு, அவர்கள் குரலிலேயே பதிந்துகொள்ளுங்கள். ஆண்வழிப் பெயர்களைப் பதிவேட்டிலும் படிவத்திலும் பிறகு தேடிக்கொள்ளலாம்.