பதினோரு மூட்டை

எங்கள் குடும்பம் சிங்கப்பூருக்கு இரண்டு முறை போயிருக்கிறது. முதல் முறை 1981இல், கப்பலில். அப்போது எனக்கு எட்டு வயது. இரண்டாம் முறை சென்ற ஆண்டு, விமானத்தில். இப்போது என் மகனுக்கு எட்டு வயது. முதல் பயணத்துக்குத் திட்டம் என்று எதுவும் கிடையாது; இரண்டாவதில் திட்டத்தைத் தவிர வேறெதுவும் கிடையாது. இப்படித்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன், அம்மா வாயைத் திறக்கிறவரைக்கும்.

நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும்; நாம்தான் படகேறிப் போய்ப் பிடிக்க வேண்டும். கப்பலின் பெயர் 'சிதம்பரம்'. ஊர்ப் பெரியவர்கள் அதையும் 'ரஜூலா' என்றே சொன்னார்கள். பழைய கப்பல் போய்விட்டது, பெயர் போகவில்லை. அப்பாவுக்குச் சிராங்கூன் சாலையில் ஒரு மளிகைக் கடையில் வேலை. மூன்று வருடத்துக்கு ஒரு தரம் கோடாலித் தைலமும் நைலான் சேலையுமாக வருவார். அந்தத் தரம் அவர் வராமல், எங்களை வரச்சொல்லிக் கடிதம் போட்டார். அம்மா, பதினோரு வயது அக்கா, நான், நாலு வயதுத் தம்பி. பாஸ்போர்ட் ஒன்றே ஒன்று, அம்மாவுடையது. அதில் ஒரு பக்கத்தில் எங்கள் மூன்று பேர் பெயரும் ஏறியிருந்தது. சர்க்கார் கணக்கிலும் நாங்கள் அம்மாவின் சாமான்கள்தான்.

சாமான்கள் என்றால் பதினோரு மூட்டை. புளி, வடகம், இட்லிப்பொடி, அப்பாவோடு தங்கியிருந்தவர்களின் வீடுகளிலிருந்து கொடுத்தனுப்பிய முறுக்கு டின்கள், நார்த்தங்காய் ஜாடி. படகில் ஏறும்போது அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்துச் சொன்னாள்: "மூட்டை பதினொன்னு. எண்ணிக்கிட்டே இரு. நீதான் பொறுப்பு." அக்காவுக்குத் தம்பி பொறுப்பு. தம்பியின் இடுப்பில் ஒரு தாம்புக் கயிறு. அதன் மறுமுனை அடுக்குக் கட்டிலின் காலில். இன்று அதையே குழந்தைகள் கடையில் முயல் பொம்மை வைத்துத் தைத்து விற்கிறார்கள். நானும் விலை கேட்டுவிட்டு வந்தேன்.

ஒரு வாரம் கடல். பறக்கும் மீன்கள் பார்த்தோம். கப்பல்காரர்கள் அவ்வப்போது கடிகாரத்தைக் கொஞ்சம் முன்னே தள்ளிவைக்கச் சொன்னார்கள்; வயது வேகமாக ஏறுகிறது என்று அக்கா சந்தோஷப்பட்டாள். அம்மா முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு கீழ்க் கட்டிலில் படுத்தே கிடந்தாள். அவள் பகலில் ஓய்வெடுத்து நான் பார்த்தது அந்தக் கப்பலில்தான். பினாங்கு வந்தது, கிள்ளான் வந்தது, கடைசியில் சிங்கப்பூர் வந்தது. அப்பா துறைமுகத்தில் நின்றிருந்தார். என் தலையைத் தடவி, "பிரயாணம் எப்படிடா இருந்துச்சு?" என்றார். நான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்: "பதினோரு மூட்டைப்பா. ஒன்னும் குறையல."

ஊர் சுற்றிக் காட்ட அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வாய்த்தது. அவர் கூட்டிப் போன இடம் பாசிர் பாஞ்சாங்கில் இருக்கும் டைகர் பாம் தோட்டம். தைலம் விற்றுச் சம்பாதித்தவர்கள் கட்டியது, உள்ளே போகக் காசில்லை. அங்கே சீனர்களின் நரகத்தைப் பத்து மன்றங்களாகச் சிமெண்டில் செய்து வைத்திருந்தார்கள். நாக்கை அறுக்கிறார்கள், எண்ணெயில் போடுகிறார்கள், ஆளை இரண்டாகப் பிளக்கிறார்கள். "பொய் சொன்னா இதுதான்" என்று அப்பா விளக்கவுரை சொன்னார். தம்பி மூன்று ராத்திரி தூங்கவில்லை. குழந்தைகள் மனசு என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை. பிடித்திருந்ததா என்றும் கேட்கவில்லை. எனக்கோ அவ்வளவு பிடித்திருந்தது. (அந்த நரகத்தைப் பார்க்க இப்போது நுழைவுச்சீட்டு. அப்பா கேட்டால் நம்பமாட்டார்.)

இனி இரண்டாம் பயணம்.

ஐந்து நாள் பயணத்துக்கு ஐந்து மாதம் முன்பே எக்செல் ஷீட் திறந்தேன். ஒன்பது தாள்கள். பச்சை என்றால் பிள்ளைகளுக்கு, மஞ்சள் என்றால் சாப்பாடு, நீலம் என்றால் 'ஓய்வு (கட்டாயம்)'. கால்மணிக்கு ஒரு கட்டம். காலை 7.00 முதல் 7.15 வரை பல் தேய்த்தல். என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "ஏங்க, இதுல சிரிக்கிறதுக்கு எந்தக் கட்டம்?" என்று கேட்டாள். அது பச்சைக்குள் அடக்கம் என்று சொல்லிவைத்தேன்.

பாஸ்போர்ட்டில் ஆரம்பித்தது. சிறுபிள்ளைகளுக்கு ஐந்து வருடத்துக்குத்தான் தருவார்கள். பதிமூன்று வயது மகளுடையதை எடுத்துப் பார்த்தால் இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. ஆனால் போய் இறங்கும் நாளில் குறைந்தது ஆறு மாதம் பாக்கி இருக்க வேண்டும் என்பது விதி. எட்டில் ஐந்து போனால் மூன்று. புதிதாக எடுத்தோம். பிறகு விசாவுக்குப் போட்டோ. வெள்ளைப் பின்னணி, மூடிய வாய், சிரிக்கக் கூடாது. முன்பல் இரண்டும் விழுந்திருந்த மகன், வாழ்க்கையில் முதல்முறையாக எதற்கும் சிரிக்காமல் இருப்பதே பெரிய சிரிப்பு என்று கண்டுகொண்டான். பதினேழாவது படம் தேறியது. சிங்கப்பூரின் வருகை அட்டையை இணையத்தில் இலவசமாக நிரப்பலாம். ஆனால் போய்ச் சேரும் நாளோடு சேர்த்து மூன்று நாளுக்குள்தான் நிரப்ப முடியும். ஐந்து மாதம் முன்பே எல்லாவற்றையும் முடித்துவிட்ட ஒருவனைப் பழிவாங்க இதைவிட நல்ல வழி கிடையாது.

புறப்படுகிற அன்று அம்மா ஒரு பொட்டலத்தைப் பேரன் பையில் திணித்தாள். உப்பு நார்த்தங்காய், காய்ந்தது. "பட்டியலில் இல்லைம்மா" என்றேன். அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு ஜிப்பை மூடினாள்.

திருச்சியிலிருந்து நாலு மணி நேரம். பாதி வழியில் மகளுக்குக் குமட்டியது. வாந்தி மாத்திரை என் பட்டியலில் மூன்றாவது தாளில், பதினாலாவது வரிசையில், பத்திரமாக இருந்தது. மாத்திரையும் பத்திரமாகத்தான் இருந்தது, விமானத்தின் வயிற்றில், பெரிய பெட்டிக்குள். மகன் ஒன்றும் பேசாமல் நார்த்தங்காய்த் துண்டு ஒன்றைப் பிய்த்து அக்கா வாயில் வைத்தான். அப்பாயி சொல்லியிருந்தாளாம். குமட்டல் நின்றது.

இறங்கியதும் மகன் சட்டைப்பையில் பபிள்கம் இருந்ததைக் கண்டுபிடித்து நான் வெளிறிப்போனேன். 1992 முதல் அந்த ஊருக்குள் அதைக் கொண்டுபோகத் தடை. குப்பைத்தொட்டியில் போட்டான். "நீங்க வந்தப்ப?" என்றான். அப்போது அப்பா வாங்கித் தந்தார், நான் மென்று யார் வீட்டு நாற்காலிக்கு அடியிலோ ஒட்டினேன். அந்தச் சட்டத்தில் என் பங்கும் கொஞ்சம் இருக்கும்.

முதல் நாள் இரவு நைட் சஃபாரி. டிராம் வண்டியில் இருட்டுக்குள் ஊர்ந்து போய்ப் புலியும் தப்பீரும் பார்க்க வேண்டும். மகன் வண்டி கிளம்பியதும் தூங்கினான், நின்றதும் எழுந்தான். நான் காசு கொடுத்து வாங்கிய தூக்கங்களிலேயே விலை உயர்ந்தது அது. இரண்டாம் நாள் யுனிவர்சல் ஸ்டுடியோஸ். ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்று, முகப்பில் வைத்திருந்த உயரக் கோலில் மகனை நிறுத்தினால் மூன்று விரற்கடை குறைகிறான். ஒன்பது தாளிலும் அவன் உயரம் எழுதப்படவில்லை.

மூன்றாம் நாள்தான் திட்டத்துக்கு மரண அடி விழுந்தது. லிட்டில் இந்தியாவிலிருந்து ரயில் ஏறி, ஒரு நிலையத்தில் மாறி, 'மேகக் காடு' என்ற தோட்டத்தைப் பார்க்க வேண்டும். வடகிழக்குத் தடத்தில் ஓடும் பெருவிரைவு ரயிலுக்கு ஓட்டுநர் கிடையாது. அவர் உட்கார வேண்டிய இடத்தில் கண்ணாடிதான் இருக்கிறது. மகன் அதில் மூக்கை ஒட்டி நின்றான். சுரங்கத்தின் விளக்குகள் அவன் முகத்துக்கு நேரே ஓடி வந்தன. இறங்க வேண்டிய நிலையம் வந்தது, இறங்கவில்லை. துறைமுகமுனைவரை போய், அங்கிருந்து எதிர்த்திசையில் பொங்கோல் வரை போய், மறுபடி திரும்பினோம். நான் கைபேசியில் கட்டங்களை ஒவ்வொன்றாகச் சிவப்பாக்கிக்கொண்டிருந்தேன். மகள் அதை எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "அப்பா, நீங்க டூர் வரல. ஆபீஸுக்குத்தான் வந்திருக்கீங்க."

அன்று இரவு அம்மா கூப்பிட்டாள். "அங்க மணி பத்துதானே?" பத்தரை. அவள் போன காலத்தில் இரண்டு மணி நேர வித்தியாசம். 1982 ஜனவரி முதல் தேதி சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிக்கொண்டது. அம்மா தள்ளிக்கொள்ளவில்லை. புலம்பித் தீர்த்தேன். கடைசியில் வழக்கமான வசனத்தையும் சொன்னேன்: "நாம வந்தப்ப பிளானா போட்டோம்? எவ்வளவு ஜாலியா இருந்துச்சு!"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"யாருடா சொன்னா பிளான் இல்லேன்னு?" என்றாள். "ஆறு மாசம் தூங்கல நான். கப்பல்ல போய்வந்த பொம்பளை ஒருத்தி விடாம தேடிப்போய்க் கேட்டேன். படிக்கட்டுக்குப் பக்கத்துல கீழ்க் கட்டிலா பிடி, காத்து வரும்னாங்க. பிடிச்சேன். உன் தம்பி தண்ணியைக் கண்டா குதிப்பான்னு கயிறு. உங்க அக்காவுக்கு அவனைக் காவல் வச்சா அவ ஆம்பளைப் பசங்ககூட ஓடமாட்டா."

"நான்?"

"நீ ஒரு எடத்துல இருக்கிறவனா? அதான் மூட்டையை எண்ணச் சொன்னேன். எண்ணுறவன் மூட்டையை விட்டு எங்க போவான்?"

நாற்பத்து மூன்று வருடம் கழித்து என் பொறுப்பு பறிபோனது. கப்பலையே காவல் காத்ததாக நினைத்திருந்தேன். என்னைத்தான் பதினோரு மூட்டையோடு கட்டிப்போட்டிருக்கிறாள். தம்பியின் கயிறு கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

"கப்பல்ல நீ நல்லா ரெஸ்ட் எடுத்தியேம்மா" என்றேன், சும்மா இருக்க முடியாமல்.

"ரெஸ்டா? ஏழு நாளும் தலையைத் தூக்க முடியல. நீங்க பாத்தா பயந்துடுவீங்கன்னு முந்தானையைப் போட்டு மூடிக்கிட்டேன். நார்த்தங்காய்லதான் உயிர் நின்னுச்சு. சரி, பில்லு ஏறும், வை."

மறுநாள் காலை எக்செல் ஷீட்டைத் திறக்கவில்லை என்று சொன்னால் பொய். சிமெண்டு நரகம் பார்த்தவன் பொய் சொல்லமாட்டான். குளியலறையில் திறந்து பார்த்தேன், யாருக்கும் தெரியாமல். அதன்பிறகு வெளியே யாரிடமும் மணி சொல்லவில்லை. ஐந்தாம் நாள் சாங்கி விமான நிலையத்தில் நாற்பது மீட்டர் உயரத்திலிருந்து கட்டடத்துக்குள்ளேயே அருவி கொட்டுகிறது. சுற்றிலும் கடைகள், கூட்டம், பத்துப் பக்கம் ஓடத் துடிக்கும் எட்டு வயது. மகன் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"பை ஆறு, பாஸ்போர்ட் நாலு. எண்ணிக்கிட்டே இரு. நீதான் பொறுப்பு."

அவன் முதுகு நிமிர்ந்தது. அருவியை அரைக்கண்ணால் பார்த்தபடி, ஆறு பைகளுக்கு நடுவே கால் பரப்பி நின்றான். என்னிடமிருந்த பையையும் தொட்டுப் பார்த்து எண்ணினான்.

ஊருக்கு வந்து சேர்ந்தபோது அம்மா வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். பேரனை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டு கேட்டாள்: "பிரயாணம் எப்படிடா ராஜா இருந்துச்சு?"

"ஆறு பை அப்பாயி. ஒன்னும் குறையல."

அம்மா அவன் தலைக்கு மேலாக என்னை நிமிர்ந்து பார்த்தாள்.