சொந்தமாக ஒரு கார்கூட இல்லாதவர்

அரசியலையே முழுநேரத் தொழிலாகக் கொண்டவர்களில் ‘ஏழை’ எனப்படும் வகையினர் வேட்புமனுத் தாக்கல் தொடங்கும் நாளில் பெருந்திரளாகத் தோன்றி, வாக்கு எண்ணும் நாளின் மாலையோடு மறைகிறார்கள். மற்றக் காலங்களில் அண்ணன், மாவட்டம், மாண்புமிகு என்று வேறு பெயர்களில் நடமாடுவதால் அடையாளம் காண்பது சிரமம். இந்தியா முழுவதும் காணப்படும் வகைதான். ஆனாலும் தமிழ்நாட்டுக்காரர் மேடைப்பேச்சில் தேர்ந்தவர் என்பதால் அவரையே மாதிரியாக எடுத்துக்கொள்வது வசதி.

மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி, அதில் கட்சிக் கரை, மார்புப் பையில் தலைவர் படம். அந்தப் படம் வெளியே தெரிகிற அளவுக்குச் சட்டைத் துணி மெல்லியது. அந்தப் பையில் பணம் இருக்காது. டீக்கடையில் அவர் டம்ளரைக் கீழே வைப்பதற்குள் பின்னால் நிற்பவர் காசு கொடுத்திருப்பார். கோயில் தட்டில் விழும் ஐந்நூறு ரூபாய்த் தாள் இன்னொருவர் பையிலிருந்து வந்திருக்கும். வண்டிக்கு டீசல் போட்டது யார் என்பது ஓட்டுநருக்கு மட்டுமே தெரியும். ஆகவே ‘கையிருப்பு ரொக்கம்’ என்ற இடத்தில் அவர் சின்னத் தொகையாக எழுதினால் அதைப் பொய் என்று தள்ளிவிடக் கூடாது. அவர் கையில் உண்மையிலேயே அவ்வளவுதான் இருக்கும்.

இந்த வகையினர் எல்லாருக்கும் பூர்வகதை ஒன்றுண்டு. அப்பா மூட்டை தூக்கினார், அம்மா களையெடுக்கப் போனார், பிள்ளை செருப்பில்லாமல் பள்ளிக்கு நடந்தது, மதிய உணவுக்காகவே வகுப்பில் உட்கார்ந்தது. கேட்கிற கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். இதில் பெரும்பகுதி உண்மை என்பதையும் சொல்ல வேண்டும். 40 ஆண்டுகளுக்கு முந்தைய உண்மை. ஏழ்மை இவருக்குப் பிறப்பால் வந்தது. பிற்காலத்து வருமானத்தால் அது போய்விடுவதில்லை. கல்லூரி கட்டினாலும் ‘ஏழை வீட்டுப் பிள்ளை கட்டிய கல்லூரி’தான்.

இவ்வகையை ஆராய்வதற்கான முதன்மை ஆவணம் வேட்புமனுவோடு இணைக்கப்படும் பிரமாணப் பத்திரம். வேட்பாளரின் சொத்து விவரம் வாக்காளருக்குத் தெரிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002ல் தீர்ப்பளித்தது. நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அதைச் சுருக்கப் பார்த்தது. 2003ல் நீதிமன்றம் அந்தத் திருத்தத்தைச் செல்லாதென்று சொல்லிவிட்டது. இப்போது படிவம் 26ல் தன் பெயரிலும், துணைவர் பெயரிலும், சார்ந்து வாழ்வோர் பெயரிலும் உள்ளதையெல்லாம் எழுதி, நோட்டரி முன் கையெழுத்துப் போட்டாக வேண்டும். எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது என்பது 2013ல் வந்த தீர்ப்பு. கட்டம் காலியாக இருந்தால், நினைவூட்டிய பிறகும் நிரப்பாவிட்டால், மனு தள்ளுபடி. நிரப்பியது பொய் என்றால் பரிசீலனையில் மனு தள்ளுபடி ஆகாது. அதற்குத் தனியாக வழக்குப் போட வேண்டும்; தண்டனை அதிகபட்சம் ஆறு மாதம், அல்லது அபராதம், அல்லது இரண்டும். பரிசீலனை மேசையில் வெற்றிடம்தான் குற்றம்.

இந்த ஏற்பாட்டை விளக்கவே ஒருவர் 2019ல் பெரம்பூர் இடைத்தேர்தலில் நின்றார் என்று கொள்ளலாம். ஓய்வுபெற்ற காவல்துறை அதிகாரியான அவர், கையிருப்பு ரொக்கம் 1.76 லட்சம் கோடி ரூபாய் என்றும், உலக வங்கியிடம் வாங்கிய கடன் 4 லட்சம் கோடி ரூபாய் என்றும் எழுதிக் கொடுத்தார். முதல் தொகை 2ஜி அலைக்கற்றை விவகாரத்தில் அடிபட்டது. கட்டங்கள் எல்லாம் நிரம்பியிருந்தன. மனு ஏற்கப்பட்டது.

மனுத் தாக்கலுக்கு முந்தைய இரவு வழக்கறிஞர் அலுவலகத்தில் நடக்கும் உரையாடல் ஊருக்கு ஊர் பெரிதாக மாறுவதில்லை.

“அண்ணே, வண்டி என்ன போட்டுக்கலாம்?”

“வண்டியா? நமக்கு ஏது தம்பி வண்டி.”

“வாசல்ல நிக்குதே அண்ணே, வெள்ளை இன்னோவா.”

“அது மச்சானோடது. நான் ஏறிக்கிறேன், அவ்வளவுதான்.”

“வீடு?”

“பெரியவன் பேர்ல இருக்கு. அவன்தான் தனியா சம்பாதிக்கிறானே.”

“அப்ப ‘இல்லை’ன்னு போட்டுர்றேன். தொழில்?”

“விவசாயம்னு போடு. சமூக சேவையும் சேத்துக்க.”

இந்த உரையாடலில் சட்டப்படி குற்றம் சொல்ல அதிகம் இல்லை. படிவத்தின் கணக்கில் சார்ந்து வாழ்வோர் என்றால் தனி வருமானம் இல்லாமல் வேட்பாளரை நம்பிப் பிழைக்கும் உறவினர். இருபத்தைந்து வயதில் கல்குவாரி நடத்தும் மகன் அதில் வர மாட்டான். மருமகன், மச்சான், மச்சானின் சகலை ஆகியோர் எல்லைக்கு வெகுதூரத்தில் இருக்கிறார்கள். படிவம் ஒரு மனிதரை மட்டும் நடுவில் நிறுத்தி அளக்கிறது. சொத்தோ அவரைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்திருக்கிறது.

வாகனம் இவ்வகையினருக்கு எப்போதும் சிக்கலான பொருள். அருணாசலப் பிரதேசத்தின் தேஜு தொகுதியில் 2019ல் சுயேச்சையாக வென்ற காரிகோ கிரி, ஒரு ஸ்கூட்டர், ஓர் ஆம்னி வேன், ஒரு மோட்டார் சைக்கிள் ஆகியவற்றைக் குறிப்பிடவில்லை என்று வழக்கு வந்தது. அவை விற்கப்பட்டோ கொடுக்கப்பட்டோ விட்டன. பதிவில் மட்டும் மனைவி, மகன் பெயர் மாறாமல் இருந்தது. உயர் நீதிமன்றம் வெற்றியைச் செல்லாதென்றது. உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் அதை மாற்றி, பெருமதிப்பு இல்லாத அசையும் பொருள்களை ஒவ்வொன்றாக எழுத வேண்டியதில்லை என்றது. விலையுயர்ந்த கைக்கடிகாரம் என்றால் எழுத வேண்டும். உடுத்தும் துணி, செருப்பு, பாத்திரம் வேண்டாம். ஏழை அரசியல்வாதிக்கு இது பெரிய ஆறுதல். அவர் மேடையில் எண்ணிக் காட்டுவதே இந்த இரண்டாம் பட்டியலைத்தான்.

அசையாச் சொத்தில் நஞ்சை, புஞ்சை, சர்வே எண், வாங்கிய விலை, இன்றைய சந்தை மதிப்பு என்று தனித்தனியாகக் கேட்பார்கள். இன்றைய மதிப்பு என்பது எழுதுபவரின் மனசாட்சியைப் பொறுத்தது. பத்திரப்பதிவின் வழிகாட்டி மதிப்பை எழுதி நிறுத்திக்கொள்பவர்கள் உண்டு. புறவழிச்சாலை ஓரத்து நிலம் படிவத்துக்குள் வந்ததும் கரிசல்காட்டு விலைக்கு இறங்கிவிடும். விவசாய வருமானத்துக்கு மத்திய வருமான வரி கிடையாது என்பதால் அந்த நிலம் விளைச்சலில் குறை வைப்பதே இல்லை. மழை பொய்த்த ஆண்டிலும் விளையும்.

நகையில் மட்டும் கணவன் எப்போதும் எளியவர். கையில் மோதிரம், கழுத்தில் மெல்லிய சங்கிலி. சவரன் கணக்கெல்லாம் துணைவியார் பக்கத்தில் இருக்கும், அதுவும் சீதனமாக வந்தது. கடன் பகுதியில் அவர் மனம் திறக்கிறார். வங்கிக் கடன், நண்பரிடம் கைமாற்று, சில சமயம் மனைவியிடமே வாங்கிய தொகை. கடனைக் கழித்துப் பார்த்தால் சில ஏழைகள் பூஜ்யத்துக்கும் கீழே போய்விடுகிறார்கள். இந்திய அரசியலில் கடனுக்கு இலக்கணமாகச் சொல்லப்படுவது லால் பகதூர் சாஸ்திரியின் ஃபியட் கார்: பிரதமராக இருந்தபோது அதை வாங்க வங்கியில் 5,000 ரூபாய் கடன் எடுத்தார், 1966ல் அவர் இறந்த பிறகு மனைவி லலிதா தன் ஓய்வூதியத்திலிருந்து அடைத்தார். இதை மேடையில் உருக்கமாகச் சொல்பவர் இறங்கி ஏறிக்கொள்வது மச்சானின் காரில்.

இனி, எது ஏழ்மை என்பது. அளவுகோலுக்குப் பஞ்சமில்லை. 2011ல் திட்டக் குழு உச்ச நீதிமன்றத்தில், நகரத்தில் ஒரு நாளைக்கு 32 ரூபாய் செலவிட முடிந்தவர் வறுமைக்கோட்டுக்கு மேலே இருக்கிறார் என்றது. 2019ல் மத்திய அரசு, ஆண்டுக் குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குக் கீழே இருந்தால் பொருளாதாரத்தில் நலிந்தவர் என்று இட ஒதுக்கீடு கொடுத்தது. இரண்டும் ஒரே நாட்டின் கணக்குதான். ஏழை அரசியல்வாதி இரண்டையும் பயன்படுத்துவதில்லை. அவர் கண் பக்கவாட்டில் போகும். மேடையில் பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் எவ்வளவு இருக்கிறது என்பதே அவருடைய வறுமைக்கோடு.

அந்த நாற்காலிகளின் நிலவரத்தை ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் தேர்தல்தோறும் பிரமாணப் பத்திரங்களைக் கூட்டிப் பார்த்துச் சொல்கிறது. மக்களவையில் வென்றவர்களில் கோடீஸ்வரர்கள் 2009ல் 58 சதவீதம், 2014ல் 82, 2019ல் 88, 2024ல் 93. இப்போதைய அவையில் சராசரிச் சொத்து 46.34 கோடி. உச்சியில் குண்டூரின் சந்திரசேகர் பெம்மசானி, 5,705 கோடி. அடியில் மேற்கு வங்கத்தின் புருலியா உறுப்பினர், 5 லட்சத்துச் சொச்சம். இந்த வரிசையில் 10 கோடி வைத்திருப்பவர் தன்னை நடுத்தர வர்க்கம் என்று எண்ணினால் அவர்மேல் கோபப்பட முடியாது; கணக்குப்படி அவர் சராசரியில் கால் பங்குகூட இல்லை. 2024ல் பிரதமர் மோடி காட்டிய 3.02 கோடியில் வீடு, நிலம், கார் எதுவும் கிடையாது. பெரும்பகுதி ஸ்டேட் வங்கி வைப்புத்தொகை, உடன் நான்கு தங்க மோதிரம். அதே ஆண்டு, ஆந்திரத்திலோ தமிழ்நாட்டிலோ நிற்கும்படி கட்சி கேட்டதாகவும், தேர்தலில் நிற்கிற அளவுக்குத் தன்னிடம் பணம் இல்லை என்றதாகவும் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் வெளிப்படையாகச் சொன்னார். நாட்டின் வரவு செலவைப் போடுபவர் சொன்ன மதிப்பீடு என்பதால் இதைத் தள்ளிவிட முடியாது.

சட்டப்படி மக்களவை வேட்பாளர் பெரிய மாநிலங்களில் 95 லட்சம் வரை செலவழிக்கலாம், சட்டமன்றத்துக்கு 40 லட்சம். கட்சி தன் பொதுப் பிரசாரத்துக்குச் செலவிடுவதற்கு வரம்பே இல்லை. டெபாசிட் மட்டும் மலிவு: மக்களவைக்கு 25,000, சட்டமன்றத்துக்கு 10,000, பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு அதில் பாதி. பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்கு வாங்காவிட்டால் அதுவும் போகும். ஆகவே நிஜமாகவே கையில் காசில்லாதவர் வென்றுவிட்டால், பணம் வேறெங்கிருந்தோ வந்திருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் கட்சியிலிருந்து. அரசியலில் ஏழையாகவே இருப்பது தனிமனிதரால் ஆகிற காரியமில்லை. சுமக்க ஓர் அமைப்பு வேண்டும்.

அப்படிச் சுமக்கப்பட்டவர்கள் அரிதான துணை வகை. திரிபுராவில் 1998 முதல் 2018 வரை முதல்வராக இருந்த மாணிக் சர்க்கார் சம்பளத்தைக் கட்சியிடம் கொடுத்துவிட்டு, கட்சி தரும் படியில் வாழ்ந்தார். 2018 பத்திரத்தில் அவர் கையிருப்பு 1,520 ரூபாய், வங்கியில் 2,410. மனைவி மத்திய அரசுப் பணியில் இருந்து ஓய்வுபெற்றவர். வீட்டில் வசதி இருந்ததென்றால் அவர் பக்கம்தான். திருத்துறைப்பூண்டியில் 2021ல் வென்ற இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் மாரிமுத்து குடிசை வீட்டிலிருந்து சட்டமன்றத்துக்குப் போனார். அதே ஆண்டு மேற்கு வங்கத்தின் சால்தோராவில் பா.ஜ.க. சார்பில் வென்ற சந்தனா பவுரி, கொத்தனாரின் மனைவி. காட்டிய சொத்து 31,985 ரூபாய். மாரிமுத்துவின் கட்சியைச் சேர்ந்த மூத்த தலைவர் நல்லகண்ணுவுக்கு 80ஆம் பிறந்தநாளில் கட்சி கொடுத்த 1 கோடி கட்சிக்கே திரும்பியது. 2022ல் தகைசால் தமிழர் விருதோடு வந்த 10 லட்சத்தோடு தன் பணம் 5,000 சேர்த்து அரசின் நிவாரண நிதிக்கே கொடுத்தார். விருது வாங்கி நட்டப்பட்டவர் அனேகமாக அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

முன்னோர்களில் காமராஜர் ஒன்பது ஆண்டு முதல்வராக இருந்து, 1975ல் சென்னை திருமலைப்பிள்ளை சாலை வாடகை வீட்டில் இறந்தார். அவர் விட்டுச்சென்றது சில சட்டைகளும் நூற்றுச் சொச்சம் ரூபாயும். தொகை மேடைக்கு மேடை மாறும்; சொல்லும் குரல் மட்டும் மாறாது. அமைச்சராக இருந்த கக்கன் பிற்காலத்தில் மதுரை அரசு மருத்துவமனைப் பொதுவார்டில் படுத்திருந்தார். இவர்களைப் பற்றி மேடையில் அதிகம் பேசுவது ஏழை அரசியல்வாதிதான். பேசி முடித்ததும் அடுத்த மேடைக்கு நேரமாகிவிடும்.

வென்ற பின் சம்பளம். தமிழ்நாட்டுச் சட்டமன்ற உறுப்பினருக்கு 2017 முதல் மாதம் 1,05,000 ரூபாய். இதில் சம்பளம் என்ற பெயரில் இருப்பது 30,000. மிச்சம் தொலைபேசிப் படி, தொகுதிப் படி, வாகனப் படி முதலியவை. கேட்டால் 30,000 என்று மட்டும் சொல்வார். சம்பளத்தைத் துறப்பதும் பழைய மரபு. 1991ல் முதல்வரான ஜெயலலிதா மாதம் 1 ரூபாய் என்றார். அந்த ஐந்தாண்டுக்கான சொத்துக்குவிப்பு வழக்கில் காட்டப்பட்ட தொகை 66.65 கோடி. 2014ல் தண்டனை, 2015ல் விடுதலை. 2017ல் உச்ச நீதிமன்றம் அவரோடு குற்றம் சாட்டப்பட்ட மற்ற மூவரின் தண்டனையை மீட்டது. ஜெயலலிதா அதற்கு முன்பே இறந்துவிட்டதால் அவர்மேலான மேல்முறையீடு அற்றுப்போனது.

ஐந்தாண்டு கழித்து மறுபடி நிற்கும்போது பழைய பத்திரத்தையும் புதியதையும் யாராவது பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். 2018 முதல் வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதையும், 2019 முதல் ஐந்தாண்டு வருமான வரிக் கணக்கையும் காட்ட வேண்டும். வளர்ச்சிக்குக் காரணம் எப்போதும் நிலம்: வாங்கவில்லை, விற்கவில்லை, இருந்த இடத்திலேயே விலை ஏறிவிட்டது. தோற்றாலும் பெரிய மோசமில்லை. முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு மாதம் 31,000 ரூபாய் ஓய்வூதியம் உண்டு. ஐந்தாண்டுக்கு மேற்பட்ட ஒவ்வோர் ஆண்டுக்கும் 2,500 கூடும். அடுத்த முறை வருமான ஆதாரம் என்ற கட்டத்தில் விவசாயத்துக்குப் பக்கத்தில் அதையும் எழுதிக்கொள்ளலாம்.