கணக்குக்கு முளைத்த வால்

வெறும் கணிதம் என்றால் பெண் கொடுக்க யோசிக்கிறார்கள் என்பதாலோ என்னவோ, பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள கல்லூரிகள் சிலவற்றில் அந்தப் பட்டத்துக்கு ஒரு வால் முளைத்தது: ‘கணிதம், சி.ஏ. உடன்’. கணினிப் பயன்பாடு என்று அர்த்தம். ஆடிட்டர் படிப்பு என்று நினைத்துக்கொள்ளும் பெரியப்பாக்களைத் திருத்த யாரும் மெனக்கெடுவதில்லை. கணினி வந்துதான் கணக்குக்குப் பயன் வந்தது என்பது இதன் உட்கருத்து. அதற்கு மறுப்பு ஊட்டியிலேயே, கேரட் தோட்டங்களுக்கு மேலே முத்தோரையில் படுத்திருக்கிறது. 1970-இல் அமைந்த, பரவளைய வடிவ ரேடியோ தொலைநோக்கி அது. நீளம் 530 மீட்டர், அகலம் 30. அதை வடிவமைத்த வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் அதற்குத் தேடியது சமதளத்தை அல்ல, வடக்கு தெற்காகச் சுமார் 11 டிகிரி சாய்ந்த மலையை. ஊட்டியின் அட்சரேகையும் அதே 11 டிகிரிதான். ஆகவே கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட, அந்த ஒரே அச்சில் சுழற்றினாலே ஒரு விண்பொருளை ஒன்பதரை மணி நேரம் பின்தொடரலாம். மலை சம்பளம் கேட்கவில்லை.

அதெல்லாம் அந்தக் காலம், இப்போது எல்லாவற்றையும் மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என்பார்கள். பார்த்துக்கொள்ளும்தான், வந்து விழும் சமிக்ஞைகளை இன்று பிரித்துத் தருவதும் அதுவே. ஆனால் எந்தச் சரிவைத் தேட வேண்டும் என்று அதனிடம் கேட்கவே அட்சரேகை தெரிந்த ஆள் வேண்டுமே! வேலைக்கு நிரல்தானே கேட்கிறார்கள் என்பது நியாயமான கவலை. அதற்காக வாலை வெட்டச் சொல்லவில்லை, தலையைத் தேடுகிறோம். பரவளையத்தின் குவியத்தைத் தாளில் கண்டுபிடித்து மதிப்பெண் வாங்குகிறார்கள். முத்தோரையில் அதே குவியம் அரை கிலோமீட்டருக்கு நீண்டு கிடக்கிறது; ஊட்டிக்கு வரும் கல்விச் சுற்றுலாவோ படகு இல்லத்தோடு திரும்பிவிடுகிறது.